‘குரங்கு மனிதனானதை யார் பார்த்தது?’ - 10-ம் வகுப்பில் நீக்கப்பட்ட பாடமும், புற்றுநோய் வார்டில் நடக்கும் பரிணாமமும்!

"மாத்திரை நல்லாத்தானே கேட்டுச்சு... திடீர்னு ஏன் நின்னுபோச்சு?"

புற்றுநோய் டாக்டர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. முதல் சில மாதங்களில் கட்டி சுருங்குகிறது. ரத்தப் பரிசோதனை முடிவு நன்றாக வருகிறது. வீட்டில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். பிறகு, அதே மருந்து, அதே டோஸ்... ஆனால் நோய் திரும்பி வந்து நிற்கிறது. மருந்து போலியா, டாக்டர் கவனிக்கவில்லையா, கீமோ கொடுத்ததால்தான் முற்றிவிட்டதா என்று சந்தேகங்கள் கிளம்புகின்றன.

இதற்கான பதில் ஒரு பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி-யின் 10-ம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருந்து நீக்கப்பட்ட பாடம் அது.

எந்தப் பாடம்?

பரிணாமம். ‘மரபும் பரிணாமமும்’ என்று இருந்த பாடம், கொரோனாவுக்குப் பிறகு சுமையைக் குறைக்கிறோம் என்ற பெயரில் வெறும் ‘மரபு’ என்று சுருக்கப்பட்டது. 2023 ஏப்ரலில், 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் இதை எதிர்த்து ஒரு திறந்த மடலில் கையெழுத்திட்டார்கள். "12-ம் வகுப்பில் விரிவாகத்தான் இருக்கிறதே" என்பது என்.சி.இ.ஆர்.டி தரப்பின் பதில். இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது உயிரியல் எடுக்கும் மாணவர்களுக்கு மட்டும். காமர்ஸ், ஆர்ட்ஸ் பக்கம் போகிறவர்கள் அந்தப் பாடத்தைப் பார்க்காமலேயே பள்ளியை முடித்துவிடலாம்.

இதற்கு முன்பே, 2018-ல் மத்திய இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் கோட்பாடு அறிவியல்ரீதியாகத் தவறு என்றும், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததாகச் சொன்னதில்லை என்றும் பேசி சர்ச்சையானது நினைவிருக்கலாம். நம்மில் பலருக்கும் பரிணாமம் என்றாலே அந்தக் குரங்குப் படம்தான் ஞாபகம் வரும். பாதிக் குழப்பத்துக்கு அந்தப் படம்தான் காரணம்.

உண்மையில் பரிணாமம் நடக்க மூன்றே விஷயங்கள் போதும். ஒரு கூட்டத்துக்குள் சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்க வேண்டும். அந்த வித்தியாசம் அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும். சூழல் சிலரை அதிகமாகப் பிழைக்கவிட வேண்டும். குரங்கே தேவையில்லை. ஒரு மனித உடம்பு போதும்.

உடம்புக்குள் எப்படி?

நம் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. அத்தனையும் ஒரே ஒரு கருமுட்டை செல் பிரிந்து பிரிந்து உருவானவை. ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் சுமார் 600 கோடி எழுத்துகள் கொண்ட தன் டி.என்.ஏ-வை நகல் எடுக்க வேண்டும். அவ்வளவு எழுதினால் எழுத்துப்பிழை வரத்தானே செய்யும்? பெரும்பாலான பிழைகளை செல்லே திருத்திவிடும். திருத்த முடியாத அளவுக்குச் சேதம் இருந்தால், செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அந்த முடிவை எடுப்பதில் பெரிய பங்கு ‘பி53’ என்ற புரதத்துக்கு உண்டு. (யானை அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டும் புற்றுநோயில் அதிகம் சிக்குவதில்லை. மனிதனுக்கு அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என இந்தப் புரதத்துக்கான மரபணு இரண்டு பிரதிதான். யானைக்குச் சுமார் 40. காரணம் அதுவாக இருக்கலாம் என்கிறார்கள்.)

இந்தக் காவலையும் தாண்டி ஒரு செல் தப்பிவிட்டால், அது கட்டுப்பாடில்லாமல் பிரிய ஆரம்பிக்கும். அதன் வாரிசுகளுக்கும் பிழைகள் சேரும். ஆளுக்கொரு பிழை. அதனால் ஒரு கட்டி என்பது ஒரே அச்சில் வார்த்த செல்களின் குவியல் இல்லை; பல கிளைகள் கொண்ட குடும்பம். புற்றுநோயைப் பரிணாமமாகவே பார்க்க வேண்டும் என்று அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் நோவெல் 1976-லேயே எழுதிவிட்டார்.

மருந்து ஏன் தோற்கிறது?

இங்கதான் விஷயமே இருக்கு. சி.எம்.எல் என்ற ஒருவகை ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். இதில் 9-வது குரோமோசோமும் 22-வது குரோமோசோமும் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் ஒரு புது மரபணு உருவாகி, "பிரி, பிரி" என்று செல்லுக்கு இடைவிடாமல் உத்தரவு போடுகிறது. 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘இமாட்டினிப்’ மாத்திரை, அந்த உத்தரவு போடும் புரதத்தின் ஒரு குழிக்குள் போய் உட்கார்ந்து அதன் வேலையை நிறுத்துகிறது. பூட்டுக்குள் சாவி மாதிரி. முன்பு சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த நோய், இன்று பெரும்பாலானவர்களுக்கு மாத்திரை போட்டுக்கொண்டே வாழக்கூடிய நோய்.

ஆனால் சிலருக்கு மருந்து கேட்காமல் போனது. அதே 2001-ல் அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடிக்கப்பட்டது. டி.என்.ஏ-வில் ஒரே ஒரு எழுத்து மாறியதால், அந்தப் புரதத்தின் 315-வது இடத்தில் வேறொரு அமினோ அமிலம் வந்துவிட்டது. பூட்டின் துளை மாறிவிட்டது, சாவி நுழையவில்லை.

பலரும் இதை "மருந்துக்கு உடம்பு பழகிடுச்சு" என்பார்கள். பழகுவது உடம்பு இல்லை. மருந்துக்கு அடங்காத சில செல்கள், பல நேரங்களில் சிகிச்சை தொடங்கும் முன்பே கூட்டத்தில் ஒளிந்திருக்கின்றன. மருந்து மற்றதையெல்லாம் கொன்று இவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது. அப்போ மருந்தே கொடுக்காமல் இருந்திருக்கலாமா? இல்லை. கொடுக்காவிட்டால் மொத்தக் கூட்டமும் வளர்ந்திருக்கும். 315-வது இடம் மாறிய செல்களையும் அடக்கும் ‘பொனாட்டினிப்’ என்ற மருந்து 2012-ல் வந்தது. இமாட்டினிப் வேலை செய்யாதபோது டாக்டர்கள் மியூட்டேஷன் பரிசோதனை எழுதிக்கொடுப்பது, எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று பார்த்து அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்கத்தான்.

பருத்திக்காட்டில் நடந்தது

இதே கதை இந்திய விவசாயிகளுக்கு வேறு பெயரில் தெரியும். 2002-ல் பி.டி. பருத்தி வந்தபோது காய்ப்புழுக்கள் மடிந்தன. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த விஷத்தைத் தாங்கப் பழகிவிட்டது என்று 2010-ல் வெளியே தெரிந்தது. இதைத் தடுக்கத்தான் பி.டி. விதையோடு சாதாரணப் பருத்தி விதை ஒரு சின்ன பாக்கெட் கொடுத்தார்கள். அதை வயல் ஓரத்தில் விதைத்தால் விஷத்துக்குச் சாகக்கூடிய சாதாரணப் புழுக்களும் கொஞ்சம் மிஞ்சும். அவை தாங்கும் புழுக்களோடு கலந்து, அந்தக் குணம் பரவாமல் தடுக்கும். ‘புழுவுக்காக ஒரு வரிசையா?’ என்று பலர் அந்தப் பாக்கெட்டை விதைக்கவே இல்லை. ஏன் விதைக்க வேண்டும் என்று யாராவது சரியாக விளக்கியிருந்தால்தானே?

ஆச்சரியம் என்னவென்றால், பூச்சி மேலாண்மையின் இந்த யோசனை இப்போது புற்றுநோய் சிகிச்சைக்குள் வந்திருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள மோஃபிட் புற்றுநோய் மையத்தில் ராபர்ட் கேட்டன்பி குழுவினர், முற்றிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்கு மருந்தை விட்டுவிட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் பி.எஸ்.ஏ அளவு பாதியாகக் குறைந்ததும் மருந்தை நிறுத்துவது, பழைய அளவுக்கு ஏறியதும் மறுபடி தொடங்குவது. மருந்துக்கு அடங்கும் செல்கள் கொஞ்சம் உயிரோடு இருந்தால், அடங்காத செல்களோடு இடத்துக்கும் உணவுக்கும் போட்டி போட்டு அவற்றை வளரவிடாது என்பது கணக்கு. 2017-ல் வெளியான முதல் முடிவுகளில், வழக்கத்தில் பாதிக்கும் குறைவான மருந்திலேயே நோய் அதிக காலம் கட்டுக்குள் இருந்தது தெரிந்தது. ஆனால் அப்போது சோதனையில் இருந்தவர்கள் 11 பேர் மட்டுமே.

எனவே, இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாங்களே நிறுத்தக் கூடாது. சி.எம்.எல் நோயாளிகளுக்கு டோஸைத் தவறவிடுவதே மருந்து தோற்க ஒரு முக்கியக் காரணம். காசநோய்க்கு ஒரே நேரத்தில் பல மருந்துகளை மாதக்கணக்கில் கொடுப்பதும் இதே காரணத்தால்தான்: ஒரு மருந்தில் தப்பும் கிருமி இன்னொன்றில் சிக்கிவிடும்.

தமிழ்நாடு அரசின் 10-ம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று தனிப் பாடமே உண்டு. அதே புத்தகத்தில், நோய்கள் பற்றிய பாடத்தில் புற்றுநோயும் வருகிறது. நடுவில் ஒரே ஒரு பாடம்தான் இடைவெளி.