இறங்காத கண்ணாடி, ஏறுகின்ற பில்

திருகோணமலை உட்துறைமுக வீதியிலோ உவர்மலை ஏற்றத்திலோ நின்று போகிற வருகிற கார்களைச் சற்று உற்றுப் பார்த்தால், கண்ணாடி பாதியில் நின்றுபோன கதவொன்று அடிக்கடி கண்ணிற்படும். சிலர் மட்டையை மடித்து இடுக்கில் செருகி வைத்திருப்பார்கள். சிலர் பொலித்தீனால் மூடியிருப்பார்கள். கடலோர நகரில் இது புதினமல்ல. உப்புக்காற்று இரும்பை மட்டும் தின்பதில்லை. சுவிட்சுக்குள் இருக்கும் செப்புத் தகடுகளையும் வயர்களின் இணைப்புகளையும் ஓசையின்றி அரிக்கிறது.

எனக்கு உறுத்துவது கண்ணாடி நிற்பதல்ல, அதன்பின் கராஜில் நடப்பது. வாடகைக்கார் ஓட்டிப் பிழைக்கும் நண்பரொருவர் இந்த ஆண்டு தமது காரின் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி இறங்கவில்லையென்று போனார். எதையும் சோதிக்காமலே மோட்டாரையும், கண்ணாடியைத் தூக்கும் பொறியையும் சேர்த்து மாற்றிவிட்டார்கள். கண்ணாடி இரண்டு நாட்கள் ஒழுங்காக இறங்கியது. மூன்றாம் நாள் மறுபடியும் நின்றது. பிறகு வயதான ஓட்டோ எலெக்றீசியன் ஒருவர், சுவிட்சை அழுத்தியபடியே கதவை மெல்லத் திறந்து மூடச் சொன்னார். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கண்ணாடி அசைந்தது. கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையிலுள்ள றப்பர்க் குழாய்க்குள் ஒரு வயர் அறுந்து, தொட்டும் தொடாமலும் கிடந்திருக்கிறது. ஒரு நாளில் பத்து முறை, ஐம்பது முறை திறந்து மூடப்படும் கதவில் இது எதிர்பார்க்க வேண்டிய பழுது. நண்பரின் ஒரு கிழமை உழைப்பு ஒரு சாண் வயருக்காகப் போயிற்று.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அதுவும் சாமானியன் எட்டிப் பார்க்க முடியாத வரியுடன். ஆகவே நம்மிடமிருந்த ஜப்பானிய ரீகண்டிசன் கார்கள் ஐந்து ஆண்டுகள் கூடுதலாக முதுமையடைந்துவிட்டன. பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் ஏற்றி அனுப்பப்படும் பழைய மோட்டார் ஒன்றுக்கும் இன்று நல்ல விலை. இந்த நிலையில் “மாற்றிப் பார்ப்போம்” என்பது தொழிலாகாது. பிறர் பணத்தில் செய்யும் பரிசோதனை அது.

பழுது எங்கே என்று அறிவது அவ்வளவு பெரிய வித்தையுமல்ல. நான்கு கண்ணாடிகளும் ஒரேயடியாக நின்றால் நான்கு மோட்டார்களும் ஒரே நாளில் இறந்திருக்க முடியாது. பியூஸ், ரிலே, அல்லது ஓட்டுநர் கதவிலுள்ள பிரதான சுவிட்ச் இவற்றில் ஒன்றே காரணம். மற்றக் கதவுகளின் சுவிட்சுகள் மட்டும் வேலை செய்யாமல், ஓட்டுநரின் சுவிட்சால் அதே கண்ணாடிகள் இறங்கினால், பிள்ளைகளுக்காக வைத்த பூட்டுப் பொத்தானை யாரோ அழுத்திவிட்டார்கள். (இதற்கே கராஜுக்குப் போனவர்களை நான் அறிவேன்.) பற்றரியைக் கழற்றி மாட்டியபின் ஒரே தொடுகையில் முழுதும் ஏறும் வசதி மட்டும் இல்லாமற் போனால், பல ஜப்பானிய கார்களில், கண்ணாடியை முழுதும் இறக்கி, பின் முழுதும் ஏற்றி, சுவிட்சைச் சில விநாடிகள் விடாமற் பிடித்திருந்தால் போதும்.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். இரவில் காரின் உள்விளக்கைப் போட்டுவிட்டுச் சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு சற்று மங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, ஆனால் ஏதோ இறுகியிருக்கிறது என்று பொருள். மங்காவிட்டால் பெரும்பாலும் மின்சாரமே போகவில்லை. சுவிட்சையும் வயரையும் தேடுங்கள். மோட்டார் சுழலும் ஒலி கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால் அறுந்தது உள்ளிருக்கும் இழுவைக் கம்பி. (உள்விளக்கைப் போடுவதும் கண்ணாடியை இறக்குவதும் எங்கள் தலைமுறைக்கு வேறொன்றை நினைவூட்டும். 2009 வரை இந்த நகரத்துச் சோதனைச் சாவடிகளில் இரவில் அதுதான் ஒழுங்கு. கண்ணாடி இறங்கவில்லை என்பது அன்று விளக்கம் சொல்லித் தப்பக்கூடிய காரணமல்ல.)

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சுவிட்ச் இறுகினால் கையிற் கிடைத்த எண்ணெயை அதற்குள் தெளிப்பது நம்மவர் வழக்கம். 2012 ஒக்ரோபரில் ரொயோட்டா நிறுவனம் உலகெங்கும் ஏறத்தாழ 74 இலட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது இந்தச் சுவிட்சுக்காகத்தான். உற்பத்தியின்போது மசகு சீராகப் பூசப்படாததால் சுவிட்ச் இறுகியது. கடையில் வாங்கிய மசகை அதன்மேல் தெளித்தால் சுவிட்ச் உருகவும் புகையவும் கூடுமென்று நிறுவனமே எச்சரித்தது. 2015இல் மறுபடியும் சுமார் 65 இலட்சம் வாகனங்கள். அந்தப் பட்டியல்களில் விற்ஸ், யாரிஸ், கொறொல்லா எல்லாம் உண்டு, அதாவது நமது வீதிகளில் ஓடுபவையே. ஜப்பானில் முதல் உரிமையாளருக்குப் போன கடிதம் இங்கே மூன்றாவது உரிமையாளருக்கு வந்து சேராது. சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து முகவரிடம் விசாரிக்கலாம். கேட்பவர்தான் குறைவு.

பழைய மெக்கானிக்குகளை, நமது வழக்கில் பாஸ்மாரை, நான் குறை சொல்ல வரவில்லை. அவர்களிற் பலர் ஒரு சோதனை விளக்கையும் இரண்டு வயர்த் துண்டுகளையும் கொண்டே பழுதைக் கண்டுபிடித்தவர்கள். இப்போதுள்ள பையன்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை, நேரமுமில்லை. ஆனாலும் பணம் கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. மோட்டாரைக் கழற்றுமுன் பற்றரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுத்து அது சுழல்கிறதா என்று என் கண்முன்னே காட்டு என்று கேளுங்கள். கழற்றிய பாகத்தைக் கையிற் தரச் சொல்லுங்கள். இதற்கு முகம் சுளிக்கின்ற கராஜிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

“ஏசி இருக்கிறதுதானே, கண்ணாடி இறங்காவிட்டால் என்ன” என்று கிடப்பில் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கங்களைச் சூழ்ந்ததைக் கண்டோம். நீரில் இறங்கிய காரின் கதவை வெளியழுத்தம் திறக்க விடாது. கண்ணாடி மின்சாரத்தில் இறங்கக்கூடிய சில கணங்களே வெளியேறுவதற்கான வழி. அந்த நேரத்தில் தொலைபேசியைத் தேடாமல் முதலில் கண்ணாடியை இறக்க வேண்டும். இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்முனையுள்ள இரும்பால் அடிக்க வேண்டும். அப்படியொன்றை ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது நல்லது. முன்கண்ணாடியோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது இரண்டு தகடுகளுக்கிடையே பிளாஸ்ரிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது. விரிசல் விடுமேயன்றி வழி விடாது. சில புதிய கார்களில் பக்கக் கண்ணாடிகளும் இவ்விதமே வருகின்றன. உங்களுடையது எந்த வகையென்று கண்ணாடியின் மூலையிலுள்ள சிறிய எழுத்துக்களைப் பார்த்து இன்றே அறிந்து வையுங்கள்.