ஃப்ரீலான்ஸுக்கு முன்னாடி ஒரு பிரஸ்ஸுக்குப் போங்க

ஃபைனல் இயர் வந்ததும் நம்ம ஹாஸ்டல்ல பாதிப் பேரோட இன்ஸ்டா பயோவில் 'ஃப்ரீலான்ஸ் டிசைனர்' என்று ஏறிவிடுகிறது. போன வருஷம் என் பயோவிலும் இருந்தது. அதை நான் எடுத்ததற்குக் காரணம், ஏற்காடு வாழவந்தியில் இருக்கும் என் மாமா.

மாமாவுக்கு அங்கே கொஞ்சம் காபித் தோட்டம். காபியை வறுத்து அரைத்து, சிக்கரி கலந்து, பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தார். "நம்ம மாப்ள இருக்கும்போது வெளிய எதுக்குக் கொடுக்கணும்?" என்று லேபிள் வேலையை என்னிடமே தந்தார்.

லேப்டாப்பில் அட்டகாசமாக இருந்தது. ஆயிரம் ஸ்டிக்கர் அச்சாகி வந்தபோதுதான் தெரிந்தது, திரையில் பளிச்சென்று இருந்த பச்சை, பேப்பரில் பாசி நிறம். அச்சுக்கு சிஎம்ஒய்கே வேண்டும்; நான் ஆர்ஜிபியில் செய்திருந்தேன். சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் விடாததால் வெட்டிய ஓரத்தில் வெள்ளைக் கோடு. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று நான் போடவே இல்லை. சிக்கரி கலந்த காபிக்கு அது சட்டப்படி கட்டாயம். ஆயிரமும் குப்பைக்குப் போனது. "பரவால்ல மாப்ள, விடு" என்றார் மாமா. காசு அவருடையது.

"கிளையண்ட் கிடைச்சாதானே அனுபவம் வரும்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் யார் காசில் கற்றுக்கொள்வது? பிரஸ்ஸிலோ ஏஜென்சியிலோ நாம் தப்பு பண்ணினால், ஃபைல் அச்சுக்குப் போகும் முன் பிடிக்க ஒரு சீனியர் இருப்பார். தனியாக இருந்தால் கிளையண்ட்தான் பிடிப்பார், பணம் கட்டிய பிறகு.

ரூபாய் சின்னத்தை வடிவமைத்த உதயகுமார் நம்ம கள்ளக்குறிச்சிக்காரர். 2010ல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டிசைன்களில் அவருடையது தேர்வானது. அதற்கு முன் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிடெக்சர், ஐஐடி பாம்பேயில் டிசைன், தமிழ் எழுத்துருக்களில் ஆராய்ச்சி என்று பல வருஷம் போயிருக்கிறது. நமக்குத் தெரிவது அந்த ஒரு சின்னம் மட்டும்தான்.

சிம்போசியம் போஸ்டர் செய்யுங்கள். செய்து அனுப்பியதோடு நிற்காமல், அச்சாகும்போது பிரஸ்ஸில் போய் நில்லுங்கள். லீவில் அங்கேயே வேலை கேளுங்கள். பேப்பர் விலை, கொட்டேஷன், எத்தனை முறை திருத்தித் தருவது, இதெல்லாம் அங்கேதான் புரியும்.

படிப்பு முடிந்ததும் சேலத்தில் ஒரு பிரஸ்ஸில் ஒரு வருஷம் இருக்கலாம் என்று முடிவு பண்ணியிருக்கிறேன். சம்பளம் கம்மி, வீட்டில் தினமும் சண்டை. ஆனாலும் மாமாவின் அடுத்த லேபிளை நான்தான் செய்யப்போகிறேன். அச்சுச் செலவும் என்னுடையது.