மணலுக்கு அடியிலும் பார்ப்போம்

கடல் கரையை அரித்தால் உடனே கல்லைக் கொட்டச் சொல்கிறோம். மணலுக்குள் இருக்கும் நீரை நாம் நினைப்பதே இல்லை. மணல் உலர்ந்திருந்தால், ஏறிவரும் அலைநீரை உறிஞ்சிக்கொள்ளும். அலை கொணர்ந்த மணல் கரையிலேயே தங்கும். நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருந்தாலோ, நீர் உள்ளே இறங்காது. கீழிருந்து அழுத்தும் நீர் மணலைத் தளர்த்த, திரும்பும் அலை அதை வாரிச் செல்லும்.

டென்மார்க்கின் ஹிர்ட்ஷால்ஸ் ஊரில், 1980களின் தொடக்கத்தில், மீன் காட்சிசாலைக்குக் கடல்நீர் எடுக்க மணலுக்கு அடியில் துளையிட்ட குழாயைப் பதித்தார்கள். நீரை இறைக்க இறைக்கக் கரையில் மணல் சேர்ந்தது! 1985இல் தோர்ஸ்மிண்டேயில் இதையே கரைகாக்கும் முறையாகச் சோதித்தனர். பெரும்புயலை இம்முறை தடுத்துவிடாது. ஆயினும் கல்லைக் கொட்டுமுன் அக்கரையின் நிலத்தடி நீரை அளந்து பார்க்க வேண்டும் என்கிறோம். நோயறியாமல் மருந்து கொடுக்கலாமா, தோழியரே?

– பத்தாம் வகுப்பு மாணவி