அடித்துத் திருத்திய பக்கம்



நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் 'விம்' மென்பொருளின் பதிப்பு வரலாற்றைப் பேரன் காட்டினான். 1991இல் அதை வெளியிட்டவர் நெதர்லாந்துக்காரரான பிராம் மூலெனார். விலை கிடையாது, உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்பதே அவர் வேண்டுகோள். எந்தப் பதிப்பில் என்ன பிழையைத் திருத்தினார்கள் என்று ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

2023 ஆகஸ்டில் அவர் மறைந்தார். 2024 ஜனவரியில் வந்த 9.1 பதிப்பை, பணியைத் தொடர்ந்தவர்கள் அவருக்கே காணிக்கையாக்கினார்கள். திருத்தங்களை எழுதி வைத்ததும் அவர்களுக்குக் கைகொடுத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நானோ, அடித்துத் திருத்திய நோட்டுகளுக்கு மதிப்பெண் குறைத்தவன். அது தவறு என்று இப்போது படுகிறது. உங்கள் பிள்ளைகளிடம் அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லாதீர்கள்; தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள்.