கல்வராயன் மலையில் யார் வழிகாட்ட வேண்டும்?

'கல்வராயன் மலை' என்று இணையத்தில் தேடிப் பாருங்க. ஒன்று, மேகம் அருவி, பெரியார் அருவி வீடியோ வரும். இல்லைன்னா சாராய ஊறல் அழிப்புச் செய்தி வரும். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களை இரண்டிலுமே பார்க்க முடியாது. (கேரளாவோடு குழப்பிக்க வேண்டாம். மலைவாழ் மக்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ்தான்.)

இந்த மலைக்குத் தேவை இன்னொரு செல்ஃபி பாயின்ட் இல்லை. அந்த மக்களே முன்னால் நடந்து, கூட்டிப்போய்க் காட்டும் நடைப்பயணம்.

காட்ட என்ன இருக்கிறது? கடுக்காய் மரம், சாமை விளையும் சரிவு, கீழே கள்ளக்குறிச்சி வயல்களுக்குப் பாயும் கோமுகி ஆறு பிறக்கும் இடம். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தோம் என்று தலைமுறையாகச் சொல்லும் கதை. மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை 1976-ல்தான் அரசின் கைக்கு வந்தது. பக்கத்து ஊரில் நடந்த இந்த வரலாறு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கொன்றது மெத்தனால் என்ற ரசாயனம். ஆனாலும் சந்தேகப் பார்வை மலைமேலும் விழுந்தது. அதன்பிறகே சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் நிலை பற்றித் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம் முதலில் வரணும், சரி. வருமானம்?

தேக்கடியில் ஒரு முன்னுதாரணம் உண்டு. காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தவர்களையே 1990-களின் பிற்பகுதியில் கேரள வனத்துறை மலையேற்ற வழிகாட்டிகளாக்கியது. காடு அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்! ஊறல் போட்டவருக்கும் கல்வராயனின் ஓடைகள் அத்துப்படி.

ஆனால் ஒரு நிபந்தனை. எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதை அவர்களே முடிவு செய்யணும். ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையில் ஏறுவது, அதைப் புனிதமாகக் கருதும் அனங்கு மக்களின் விருப்பப்படி 2019 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. பாறையைச் சுற்றி நடக்கலாம், ஏற முடியாது. கூட்டம் நின்றுவிடவில்லை. நம்மிடமும் 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருக்கிறது; காட்டின் மீதான சமூக உரிமையில் கிராம சபைக்கு இடம் தருகிறது.

எந்தப் பாதை, எத்தனை பேர், கட்டணத்தில் ஊருக்கு எவ்வளவு? வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து ஊர்களின் அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதைப் பேசத் தொடங்கலாம்.