குடிநீரில் ஃபுளோரைடுக்குத் தடை... பல்லில் பூசும் 'சீலன்ட்' எத்தனை வருஷம் தாங்கும்?

பல் சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃபுளோரைடு கலப்பது அமெரிக்காவில் பல பத்தாண்டு வழக்கம். 2025 மே மாதம் யூட்டா மாகாணத்தில் இதற்குத் தடை அமலுக்கு வந்தது. ஜூலையில் ஃபுளோரிடாவும் சேர்ந்துகொண்டது. அதற்கு முன்பே, ஏப்ரல் மாத ஆட்குறைப்பில் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி-யின் வாய் நலப் பிரிவு கலைக்கப்பட்டது. பள்ளிக் குழந்தைகளுக்கு 'சீலன்ட்' பூசும் திட்டங்களுக்கு நிதி கொடுத்து வந்த பிரிவு அது.

தண்ணீர் வழியாக வந்த பாதுகாப்பு போகிறது. சரி, பல் மேல் பூசும் பாதுகாப்பு எத்தனை வருஷம் தாங்கும்?

*சீலன்ட் என்றால் என்ன?*

கடைவாய்ப் பல்லின் மேல்பக்கம் பள்ளமும் கோடுமாக இருக்கும். பிரஷ் நுழையாத அந்த இடுக்கில்தான் உணவு தங்கி சொத்தை ஆரம்பிக்கும். அந்தப் பள்ளத்தை மெல்லிய பூச்சால் அடைப்பதே சீலன்ட். ஊசி இல்லை, வலி இல்லை. 6 வயதிலும் 12 வயதிலும் புதுக் கடைவாய்ப் பல் முளைத்ததும் பூசுவது நல்லது.

*எது நீண்ட நாள் நிற்கும்?*

முக்கியமாக இரண்டு வகை: ரெசின், கிளாஸ் அயனோமர். பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான ஒப்பீட்டின்படி, ஒளி பாய்ச்சி இறுக வைக்கும் ரெசின், 5 ஆண்டுகளுக்குப் பிறகும் சுமார் 84% பற்களில் முழுசாக இருந்தது. கிளாஸ் அயனோமர் 20%-ஐக்கூடத் தொடவில்லை.

அப்போ கிளாஸ் அயனோமர் வேஸ்ட்டா? அப்படியில்லை. ரெசினுக்கு ஈரம் ஆகாது. பூசும்போது எச்சில் பட்டால் சரியாக ஒட்டாது. வாயைத் திறக்க அடம்பிடிக்கும் குழந்தைக்கும், பாதி முளைத்த பல்லுக்கும் ஈரத்தைத் தாங்கும் கிளாஸ் அயனோமர்தான் கைகொடுக்கும். அது ஃபுளோரைடையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும்.

*சிக்கல் எங்கே?*

சீலன்ட் முதல் 2 ஆண்டுகளில் 80% சொத்தையைத் தடுக்கிறது, 4 ஆண்டு வரை 50% தடுக்கிறது என்கிறது சிடிசி. பூச்சு ஓரமாகப் பெயர்ந்தால் வலிக்காது. அதனால் குழந்தைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. பெயர்ந்த பல்லுக்கு, பூசவே பூசாத பல்லைவிட ஆபத்து அதிகமில்லை என்று 2009-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆனால் இருந்த பாதுகாப்பு போய்விடும். மறுபடி பூசினால் சரியாகிவிடும். அதற்கு யாராவது வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

வசதியான வீட்டுக் குழந்தையை 6 மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்த்துவிடுவார். ஏழைக் குழந்தைக்கு அடுத்த வருஷமும் பள்ளிக்கே ஆள் வந்தால்தான் உண்டு. ஃபுளோரைடும் இல்லை, நிதியும் இல்லை என்றால் முதலில் அடிபடுவது இந்தக் குழந்தைகள்தான்.

*நமக்கு என்ன?*

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமாக இருப்பதுதான் பிரச்னை. ஆனால் சீலன்ட் விஷயம் இங்கேயும் அதேதான். குழந்தைக்குப் பூசும்போது டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இது ரெசினா, கிளாஸ் அயனோமரா? எச்சில் படாமல் பூச முடியுமா? அடுத்து எப்போது காட்ட வேண்டும்?

மூன்றாவது கேள்வியை மட்டும் மறந்துடாதீங்க. எந்தப் பூச்சாக இருந்தாலும், எவ்வளவு நாள் காப்பாற்றும் என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.