லோடு வண்டிக்கு அலாரம் போதும். ரிமோட் ஸ்டார்ட் வேண்டாம்!

தோவாளையில் பூ, சின்னமுட்டத்திலும் குளச்சலிலும் மீன், குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட். நாஞ்சில் நாட்டின் பாதி பிழைப்பு 'குட்டி யானை'யிலும் பிக்கப் வண்டியிலும்தான் ஓடுகிறது. அந்த வண்டி ஓடினால்தான் டிரைவர் வீட்டில் அடுப்பு எரியும். பல வண்டிகள் கடனில் வாங்கியவை. வண்டி களவு போனாலும் மாதத் தவணை நிற்காது!

ராத்திரி தெருவோரம் நிற்கும் வண்டியைத் திருடன் கிளப்பினால், விடியுமுன் களியக்காவிளையைத் தாண்டிவிடலாம். ஆகவே வண்டிக்கு அலாரம் பொருத்துவது நல்ல காரியம்தான்.

ஆனால் அலாரத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. அதுதான் 'ரிமோட் ஸ்டார்ட்'. டீக்கடையில் நின்றபடி பொத்தானை அமுக்கினால், ஆள் இல்லாமலே என்ஜின் ஓடும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது!

பனி நாட்டுச் சரக்கு

கனடா போன்ற பனி நாடுகளில், உறைந்து கிடக்கும் என்ஜினைச் சூடாக்க இது உதவுகிறது. அங்கே பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள். 'பார்க்' நிலையில் இருந்தால்தான் ரிமோட் வேலை செய்யும்.

நம்ம ஊர் லோடு வண்டிகளோ அநேகமாகக் கையால் கியர் போடுபவை. சரிவில் நிறுத்தும் டிரைவர், ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரில் போட்டுவிட்டு இறங்குவார். அது நல்ல பழக்கமும்கூட. ஆனால் கியரில் நிற்கும் வண்டியை ரிமோட்டில் கிளப்பினால், ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை முன்னால் தள்ளும். என்ஜினும் பிடித்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். விடியற்காலைச் சந்தையில், வண்டிக்கு முன்னால் பூக்கூடையோடு நிற்கும் பெண்ணின் கதி என்ன?

கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற பாதுகாப்பு சில வண்டிகளில் உண்டு. ரிமோட் வேலை செய்ய வேண்டுமானால், அந்தப் பாதுகாப்பையே ஒயர் போட்டுத் தாண்டியாக வேண்டும். திருடனுக்குப் பயந்து எமனுக்குக் கதவு திறப்பதா?

சட்டமும் இதை ஏற்கவில்லை. பொது இடத்தில் நிற்கும் வண்டியில் லைசென்சு உள்ள டிரைவர் இருக்க வேண்டும். இல்லையேல் என்ஜினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது வண்டி தானாக நகராதபடி ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-வது பிரிவு.

என்ன செய்யலாம்?

அலாரம் சத்தம்தான் போடும், வண்டியைத் தடுக்காது. கூடவே ஸ்டார்ட்டர் ஒயரில் மறைவாக ஒரு கட்-ஆஃப் வையுங்கள். செலவு குறைவு, சாவி கிடைத்தாலும் திருடனால் ஸ்டார்ட்டரைப் போட்டு வண்டியைக் கிளப்ப முடியாது. ஓடும் வண்டியை நடுரோட்டில் நிறுத்தும்படி மட்டும் இணைக்கக் கூடாது.

பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது தீயை விலைக்கு வாங்குவது. லாரி போனாலே அலறும்படி சென்சாரை வைத்தால், 'புலி வருது' கதையாகிவிடும். நிஜத் திருடன் வரும்போது யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

கருவிக்கு பில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ.யின் அங்கீகாரம் பெற்ற கருவியா என்று பாருங்கள். அப்படியானால் இன்சூரன்சில் தள்ளுபடி உண்டா என்று கம்பெனியிடம் கேளுங்கள். வண்டி களவு போனால் முதல் ஓட்டம் போலீஸ் நிலையத்துக்கு. போலீசில் உடனே புகார் செய்திருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லத் தாமதமானதை மட்டும் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'ரெண்டு நிமிஷ வேலைதானே' என்று சாவியை வண்டியிலேயே விட்டு லோடு இறக்காதீர்கள். காசில்லாத அலாரம், பாக்கெட்டில் இருக்கும் சாவிதான்!

எஃப்.சி.க்கு வரும் வண்டிகளில் கிளட்ச் பாதுகாப்பைத் துண்டித்து ரிமோட் ஸ்டார்ட் வைத்திருக்கிறார்களா என்று நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் பார்க்க வேண்டும். ஓர் உயிர் போன பிறகு பார்ப்பதைவிட, இப்போதே பார்ப்பது நல்லது. கவனிப்பார்களா?